யாதம்மா களை எடுக்காத மூலை

காலை ஆறரைக்குள் உப்பல் ரிங் ரோட்டில் போய் நின்றால் யாதகிரிகுட்டா பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். ஏழு மணி ஆகிவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பீபிநகர் வரைக்கும் நிற்க வேண்டியதுதான். இரண்டு வருடமாகப் போய்வருகிறோம், இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என் வீட்டுக்காரர் கிளம்புகிற நேரத்தில்தான் ஷூ பாலிஷைத் தேடுவார். வயக்காட்டுக்குப் போகிற மனுஷனுக்கு எதற்குப் பாலிஷ் என்று கேட்டால், "பழக்கமாயிட்டுல்லா" என்பார். தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மின்சாரப் பிரிவில் இருக்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடி. எனக்குக் கோவில்பட்டி. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. எட்டு வயது மகள் நிவி இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள், கோபம் வந்தால் ஹிந்தி.

தசரா லீவு தொடங்கிவிட்டதால் பஸ்ஸில் நல்ல கூட்டம். பாதிப் பேர் மடியில் துலுக்கச்செவ்வந்தி மூட்டை, பஸ் முழுக்க அந்த வாசம். ஆதாரைக் காட்டினால் பெண்களுக்கு இங்கே பஸ்ஸில் காசு இல்லை. எனக்கும் நிவிக்கும் கண்டக்டர் சீரோ டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, இவரிடம் நாற்பது ரூபாய் வாங்கினார். வருடத்துக்கு நாலு தடவை நடக்கிற இந்தக் காட்சியில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். கட்டிக்கொண்டே இருக்கிற மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே நாராப்பள்ளி தாண்டுவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. அப்புறம் கட்கேசர், அதற்கப்புறம்தான் காற்று.

நாலு தடவை என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். மழை விழுந்ததும் ஜூனில் விதைப்புக்கு ஒரு தடவை, தசரா லீவில் ஒரு தடவை, பொங்கல் முடிந்து மொச்சைக்கு, ஏப்ரலில் மாங்காய்க்கு. போகிற இடம் மல்லேஷ், யாதம்மா என்கிற தம்பதியின் மூன்று ஏக்கர் நிலம். ரிசார்ட் கிசார்ட் எல்லாம் கிடையாது. கத்தரி, வெண்டை, அவரை, கொஞ்சம் சோளம், இரண்டு எருமை, ஒரு கிணறு, தகரக் கூரை போட்ட இரண்டு அறை, அவ்வளவுதான். மல்லேஷ் ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கள் காலனி வாசலில் காய்கறி வண்டி போடுகிறவர். ஒரு நாள் நிவி அவரிடம், வெண்டைக்காய் மரத்திலே காய்க்குமா என்று கேட்டுவைத்தாள். "வந்து பாரு பிட்டா" என்று கூப்பிட்டார். மகளே என்று செல்லமாகச் சொல்கிற வார்த்தை அது. போனோம், அப்படியே ஒட்டிக்கொண்டோம்.

பீபிநகரில் இறங்கியதும் சலீம் பாயின் ஆட்டோ. போன தடவை இவர் நம்பர் வாங்கி வைத்திருந்தார். உள்ளே ஒன்பது கிலோமீட்டர், இருநூறு ரூபாய். போய்ச் சேரக் கொஞ்ச தூரம் இருக்கும்போது இவர், "பாய், கொஞ்சம் ஸ்லோ" என்றார். எனக்குத் தெரியும் எதற்கு என்று. பெரிய வளைவு வைத்த ஒரு லேஅவுட். உள்ளே வெள்ளையடித்த எல்லைக் கற்கள் வரிசை வரிசையாக. வாசலில் பலகை: சதுர கஜம் பதினாறாயிரம் ரூபாய் முதல்.

"போன வருஷம் பதிமூணு," என்று பெருமூச்சு விட்டார் இவர். "அப்பவே ஒண்ணைப் போட்டிருக்கணும்."

"மூணு வருஷம் முன்னால இங்க சோளம் நின்னுச்சாம். மல்லேஷ் சொல்லலியா? பக்கத்து நிலத்துக்காரர் வித்துட்டுப் போனதுன்னு."

"நான் வாங்கலைன்னா மட்டும் சோளம் மொளைச்சிருமாக்கும்?"

"ஹவ் சார்," என்று சலீம் பாய் முன்னால் இருந்து தலையாட்டினார். ஆமாம் என்பதற்கு அவர் வேறு எதுவும் சொல்ல மாட்டார். நான் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தேன். கற்களுக்கு நடுவே இடுப்பளவு செடிகள், வெள்ளையும் ரோஸுமாகக் கதிர் விட்டு, அந்த இடம் முழுக்கப் பரவிக் கிடந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்குமேல் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தால் வீட்டில் ஆள் இல்லை. போன் போட்டேன். யாதம்மா பஸ் ஸ்டாண்டில் இருந்தார். கல்யாணமாகிப் போன மகள் சரிதா குகட்பள்ளியில் இருந்து வருகிறாள், கூட்டிக்கொண்டு வளையல், மஞ்சள் எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார். மல்லேஷ் விடியலிலேயே குன்றுப் பக்கம் தங்கேடு பூ பறிக்கப் போய்விட்டாராம். தங்கேடு என்றால் வேறொன்றும் இல்லை, பொங்கலுக்கு நாம் காப்புக் கட்டுகிற ஆவாரம்பூதான். "கதவு திறந்துதான் இருக்கு, மோர் இருக்கு, குடிச்சிட்டு உட்காரு வதினா," என்றார். என்னை வதினா என்றுதான் கூப்பிடுவார், மதினி மாதிரி.

உட்கார்ந்திருக்கலாம். மோரைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே போனால் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு வேலையாவது செய்துவிடுவது. அவர்கள் உழைப்பில் விருந்து தின்றுவிட்டுப் பைநிறையக் காயோடு திரும்ப இவருக்குக் கூச்சம். ஜூனில் யாதம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, கத்தரிப் பாத்தியில் மூன்று பேரும் களை எடுத்தோம். அதனால் களை எடுப்பதில் நாங்கள் தேர்ந்துவிட்டதாக இவருக்கு ஒரு நினைப்பு.

கத்தரிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு மூலை. ஒரு சின்ன ஹால் அளவு இருக்கும். நிலம் முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி இருக்க, அந்த மூலை மட்டும் காடாகக் கிடந்தது.

"பாவம், மக வர்ற வேலையில இதைப் பார்க்க நேரமில்ல போல," என்றார் இவர். "அந்தம்மா வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வச்சிருவோம்."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரியாத செடியா? பண்ணைக்கீரை. எங்கள் கரிசல் பக்கம் மழைக்கு அப்புறம் தானாக முளைக்கும். கொழுந்தாக இருக்கும்போது பறித்துப் பருப்புப் போட்டுக் கடைந்தால் ஒரு சட்டி சோறு இறங்கும். இது கதிர் விட்டு, தண்டு நார் பாய்ந்து நின்றது. "முத்திப்போச்சுங்க, இனிமே கறிக்கு ஆகாது. பிடுங்கி மாட்டுக்குப் போடுங்க," என்றேன். நான்தான் சொன்னேன்.

நிவி ஒரு கதிரைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, பூலு பாகுன்னாயி கதா?" பூ நன்றாக இருக்கிறதே, ஏன் பிடுங்குகிறீர்கள் என்கிறாள்.

"ஏட்டி, களையில பூத்தா பூவாயிருமா? எடுத்துட்டுப் போய் எருமைக்குப் போடு."

எருமைக்குப் போடுவது என்றதும் பிள்ளைக்குப் பூ மறந்துபோயிற்று. இவர் பிடுங்க, நான் மண்ணை உதற, அவள் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓட, எருமை இரண்டும் என்ன அனுபவித்துத் தின்றன என்கிறீர்கள்! தின்றது போக மீதி காலடியில் சாணியோடு சாணியாகிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் மூலை பளிச்சென்று ஆகிவிட்டது. இவர் இடுப்பில் கைவைத்து நின்று அழகு பார்த்தார்.

அப்போதுதான் யாதம்மா வந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் கூடப் போகாமல், நேராக அந்த மூலையைப் பார்த்தே நடந்து வந்தார். வரும்போதே ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவர் கிணற்றடியில் நின்றுவிட்டார். "சுத்தமா எடுத்தாச்சும்மா!" என்றார் இவர், வாயெல்லாம் பல்லாக.

யாதம்மா திட்டியிருந்தால் தேவலை. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சரிதாதான் என்னிடம் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து விஷயத்தைச் சொன்னாள். நான் பண்ணைக்கீரை என்று சொன்னது இங்கே குனுகுப் பூ. பதுக்கம்மா அடுக்குவதற்கு அடித்தளமே அதுதான். தாம்பாளத்தில் பூவை வட்ட வட்டமாகக் கோபுரம் போல அடுக்கி, நடுவில் வைத்துப் பெண்கள் சுற்றிவந்து கைகொட்டி ஆடி, கடைசியில் குளத்தில் விடுகிற பண்டிகை. கல்யாணமான முதல் வருடம் பெண் பிறந்த வீட்டுக்கு வந்துதான் ஆட வேண்டும். அம்மா வீட்டு நிலத்துப் பூவில் எவ்வளவு உயரம் அடுக்குகிறார்கள் என்று ஊரே பார்க்கும். இப்போது சுற்றிலும் எல்லாரும் களைக்கொல்லி அடிப்பதால் குனுகே இல்லை. டவுனில் சாயம் போட்டுக் கட்டாக விற்பதை வாங்கித்தான் அடுக்குகிறார்கள். யாதம்மா ஜூனில் இருந்தே அந்த மூலையைத் தொடாமல், அக்கம்பக்கத்தார் கேலியைக் கேட்டுக்கொண்டு, மகளுக்காக விட்டுவைத்திருந்தார். பண்டிகையின் பெரிய நாள் அன்று சாயங்காலம்தான்.

பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. இவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "நான் டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்திர்றேன்மா, எவ்வளவு வேணுமோ..."

"வேண்டாம் சார்," என்றார் யாதம்மா. "கடைப் பூவை அடுக்கவா என் பொண்ணு இவ்வளவு தூரம் வந்தா? அங்க குகட்பள்ளியிலயே அது கிடைக்குமே. அவங்க அப்பா கொண்டுவர்ற தங்கேடு இருக்கு. சின்னதா வைப்போம்."

சரிதா அம்மாவைத் தேற்றுகிற மாதிரி, "ஹவ் அம்மா, சின்னது போதும்," என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிக் கிணற்றுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண். நிவி என் சேலையைப் பிடித்து இழுத்து, நான் அப்பவே சொன்னேனே என்கிற பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கற்களுக்கு நடுவே வெள்ளையும் ரோஸும்.

"ஏங்க, சலீம் பாய்க்குப் போன் போடுங்க. உங்க லேஅவுட்டுக்குப் போகணும்."

"இப்ப எதுக்குட்டி அது? நானே..."

"மனை பார்க்க இல்ல. பூ இருக்கு அங்க. யாரும் விவசாயம் பண்ணாத இடத்துல யாரு மருந்தடிப்பா? ஃபோனைப் போடுங்க மொதல்ல!"

யாதம்மாவிடம் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்து இரண்டு பழைய போர்வையையும் அரிவாளையும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். முன்பு குத்தகைக்கு அவர்களே சோளம் போட்ட அந்த நிலம் விற்றதில் யாதம்மாவுக்கு ஆறாத வருத்தம். அந்த வளைவைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார் என்று மல்லேஷ் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அங்கிருந்து கொண்டுவந்தால் வாங்குவாரா மாட்டாரா, அது அப்புறம்.

வாசலில் காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "பிளாட் பார்க்கவா? கார்னர் பிளாட் ரெண்டு இருக்கு," என்றார். பூப் பறிக்க வந்தோம் என்றதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சலீம் பாய் ஆட்டோவில் இருந்தபடியே அவரிடம் பேசினார். பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மேடம், நாளைக்கே டிராக்டர் வருதாம். தசராவுக்குப் பார்ட்டிங்க வருவாங்கன்னு எல்லாத்தையும் உழுது தள்ளப்போறாங்களாம். எவ்வளவு வேணாலும் எடுத்துக்கச் சொல்றார்."

நாளைக்கு! ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் அங்கே வெறும் மண்.

பறித்தோம். இந்தத் தடவை வேரோடு இல்லை, யாதம்மா வீட்டு அரிவாளால் ஒரு முழம் காம்பு விட்டு அறுத்தோம். உச்சி வெயில். இவருடைய பாலிஷ் போட்ட ஷூ என்ன கதி ஆயிற்று என்று கேட்க வேண்டாம். சலீம் பாய் எப்போதும் ஆட்டோவை விட்டு இறங்க மாட்டார், இடுப்பு வலி. அன்றைக்கு அவரும் இறங்கி வந்து இரண்டு கை அறுத்தார். "எங்க தெருவுல பொம்பளைங்களோட சேர்ந்து எங்க அம்மாவும் ஆடுவாங்க சார், இதுக்கு லேட் பண்ணக் கூடாது," என்றார். இவர் ஓர் எல்லைக் கல்லில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். வாங்கத் துடித்த மனைகள் அத்தனையும் சுற்றிலும் கிடக்கின்றன. ஒன்றின் நம்பரைக்கூட அவர் பார்க்கவில்லை. "நாம வாங்கியிருந்தா இந்த டிராக்டர் நம்ம செலவுல வந்திருக்கும், என்ன?" என்றார். மூட்டையைக் கட்டுங்க என்றேன்.

இரண்டு போர்வை மூட்டையும் ஆட்டோவின் பின்சீட்டை அடைத்துக்கொண்டன. நிவி மூட்டையின் மேலே உட்கார்ந்து வந்தாள், நான் ஓரத்தில் தொற்றிக்கொண்டு, இவர் சலீம் பாய் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே.

திரும்பினபோது மல்லேஷும் வந்திருந்தார், தலைநிறைய ஆவாரம்பூக் கட்டோடு. நடந்ததைக் கேட்டுவிட்டு, "பர்வாலேது சார், பர்வாலேது," பரவாயில்லை பரவாயில்லை என்று இவர் தோளைத் தட்டினார். அதற்கு இவர் இன்னும் குறுகிப்போனார். யாதம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கதிரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கே கிடைச்சது வதினா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். யாதம்மா கதிரைக் கீழே வைத்துவிட்டார். எருமை காலையில் தின்றதன் ருசியில் இந்தப் பக்கம் மூக்கை நீட்டியது. மல்லேஷ் அதைப் பிடித்துக் கட்டப் போனார்.

சரிதா வந்து மூட்டை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, அந்த நிலத்துல நான்தானே கிளி விரட்டினேன்? அஞ்சாம் கிளாஸ்ல. நீ சோறு கொண்டுவருவே, பரண் மேலே இருந்து இறங்க மாட்டேன்னு அழுவேன். அந்த மண்ணுப் பூதானே இது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காம்பை அளவு பார்த்து வெட்ட ஆரம்பித்தாள்.

யாதம்மா எழுந்து உள்ளே போனார். போச்சுடா, கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கையில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தார். "சார்," என்று இவரைக் கூப்பிட்டார். "பூக் கொண்டுவர்றது ஆம்பளைங்க வேலை. எங்க வீட்டுல பொண்ணுக்கு அண்ணன் இல்ல. நீங்கதான் கொண்டுவந்திருக்கீங்க. உட்கார்ந்து கட்டுங்க."

"சரிம்மா" என்று உட்கார்ந்த என் வீட்டுக்காரர் நாலு மணி வரை நிமிரவில்லை. பத்துப் பத்துக் கதிராகச் சேர்த்து நூலில் கட்டி, நுனியைச் சிவப்பிலும் பச்சையிலும் தோய்த்துக் கொடுக்க, சரிதாவும் யாதம்மாவும் அடுக்கினார்கள். கீழே பூசணி இலை, அதன் மேல் குனுகு, ஒரு வரிசை ஆவாரம், ஒரு வரிசை துலுக்கச்செவ்வந்தி, மறுபடி குனுகு. உச்சியில் மஞ்சளில் பிடித்த அம்மன், கௌரம்மா. முடிந்தபோது நிவியின் நெற்றி உயரம் இருந்தது. நான் புளியோதரைக்கும் எள்ளுச்சோற்றுக்கும் கிண்டிக்கொண்டு நின்றேன், எனக்கு அதுதான் பத்திரம் என்று முடிவு செய்துவிட்டேன்.

சாயங்காலம் ஊர்க் குளத்தங்கரைக்குப் போனோம். இருபது முப்பது பதுக்கம்மாக்கள். பாதிக்கு மேல் கடைப் பூ, நுனி முதல் காம்பு வரை ஏறியிருந்த சாயமே காட்டிக்கொடுத்தது. சரிதாவின் தாம்பாளத்தை இறக்கி வைத்ததும் ஒரு பெண்மணி குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "யாதம்மா, உன் மூலைப் பூவா?" என்று கேட்டார். யாதம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆமாம், நம்ம மண்ணுதான்," என்றார். சரிதா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஆட்டம். நிவி பள்ளிக்கூடத்தில் கற்றதால் அடவு பிசகாமல் சுற்றினாள். நான் குனிய வேண்டிய இடத்தில் கைகொட்டி, கொட்டுகிற இடத்தில் குனிந்து, முன்னால் போகிறவரை இடித்துக்கொண்டு ஒரு வழியாகச் சுற்றி வந்தேன். சரிதா ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. தண்ணீரில் விட்டபோது அவளுடையது சாயாமல் நடுக்குளம் வரை போயிற்று. யாதம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

வீடு திரும்பியதும் சலீம் பாய் ஹாரன் அடித்தார், கடைசி நல்ல பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பைநிறைய அவரையும் கத்தரியும். கிளம்பும்போது யாதம்மா எங்களை நேரே விடவில்லை. அந்த வெறும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், "சேலையை உதறு வதினா, சார் நீங்க பாக்கெட்டை, பிட்டா நீ கவுனை," என்றார். உதறினோம். கறுப்பாக, எள்ளைவிடச் சின்னதாகப் பளபளவென்று விதைகள் கொட்டின.

"அடுத்த வருஷத்துக்கு இது போதுமா?" என்று கேட்டார் இவர்.

யாதம்மா எருமையைக் காட்டினார். "அது தின்னதெல்லாம் எங்கே போகும்? சாணி மூணு ஏக்கருக்கும்தான் போகும். ஜூன்ல பாருங்க சார், கத்தரியிலயும் குனுகு, வெண்டையிலயும் குனுகு. களை எடுக்க நீங்கதான் வரணும். இந்த மூலையை மட்டும் தொடாதீங்க." அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

தார்நாகாவில் எங்களுக்கு மூன்றாவது மாடி. நாச்சாரத்து ஆலைப் புகையும் மெயின் ரோட்டுத் தூசியும் பால்கனியில்தான் குடியிருக்கும். மறுநாள் துணி துவைக்கும்போது இவர் சட்டைப் பையில் இன்னும் கொஞ்சம் விதை ஒட்டியிருந்தது. துளசி பட்டுப்போன தொட்டியில் தூவிவிட்டு மறந்துவிட்டேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள் பார்த்தால் தொட்டி முழுக்கப் பச்சை. மழை வேறு பெய்திருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் கொழுந்தாக, கிள்ளினால் நகம் இறங்குகிற பதத்துக்கு வந்துவிட்டது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பாசிப்பருப்பை ஊறப்போட்டுவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கையை நீட்டினேன்.

நிவி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நக்கோம்மா! பறிக்காத. அது பூக்கட்டும். சரிதாக்காவுக்கு நாமதானே பூக் கொண்டுபோகணும்?"

முழுக்கத் தமிழில் சொன்னாள், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் ஹிந்தியில் சொல்கிற அந்த ஒரு நக்கோவைத் தவிர. அன்றைக்கு வெறும் பருப்புதான்.